மருமகனின் உத்தியோகமும் மாறிப்போகும் இலக்கங்களும்

கல்முனைக்குடி,
வியாழக்கிழமை.

அன்புள்ள தம்பி ஸலாஹுதீனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் அனைவரும் சுகமாயிருக்க அல்லாஹ்வை வேண்டுகிறேன். எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. அதையும் நான் யாரிடமும் சொல்வதில்லை.

மகள் ஸப்னாவின் மாப்பிள்ளை பஹ்மி நாள் முழுக்கச் சாரத்தைக் கட்டிக்கொண்டு வீட்டிலிருந்து கணினியைத் தட்டுகிறார், கொழும்பில் சப்பாத்துப் போட்டுப் போகிற உத்தியோகமொன்று பார் என்று கேட்டிருந்தேன் அல்லவா? வேண்டாம். அவர் இங்கேயே இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டு மண்டபத்தில் அவருடைய லினக்ஸ் கணினி ஓடுகிறது. அதற்குள் கொன்டெய்னர் என்று அவர் சொல்லும் தனித்தனி அறைகள். ஒன்றில் அறுகம்பே விடுதியொன்றின் முன்பதிவு, மற்றொன்றில் ஓர் ஆலையின் அரிசி விற்பனை. ஒவ்வொன்றுக்கும் பெயருண்டு, வீட்டிலக்கம் மாதிரி ஓர் இலக்கமுமுண்டு. கணினி நின்று மறுபடி ஓடும்போதெல்லாம் அந்த இலக்கங்களைத் தேடியெடுத்து, ஒரு பட்டியலில் பெயருக்கு நேரே புதிதாக எழுதுவார். ஒரு முறை ஒழுங்காக எழுதினால் போதாதா என்று மகள் மூலம் சொல்லிவிட்டு, கொன்வென்ட் சிஸ்டர்மாரிடம் தட்டச்சுப் படித்த கையால் நானே எழுதிவைத்தேன். மரியாதைக்காக அவர் மறுக்கவில்லை, அதை மாற்றவுமில்லை. செவ்வாய் காலை கரண்ட் போய் வந்தது, பத்து நிமிடத்தில் விடுதிக்காரர் குணம் தொலைபேசியில் கத்துகிறார்: "தம்பி, வெள்ளைக்காரன் ரூம் கேட்டா உங்கட மெசின் கீரிச்சம்பா அரிசி முப்பது மூட்டை போதுமா எண்டு கேக்குது! பின்னேரத்துக்குள்ள சரிவராட்டி வேற ஆளப் பாக்கிறன்!"

ஏழு மாதமாக ஊர் வழக்கப்படி மருமகனோடு திரைச்சீலைக்குப் பின்னாலிருந்தே கதைத்த நான் வெளியே வந்துவிட்டேன்.

"மருமகன், நான் எழுதினது பிழையா?"

"இல்ல மாமி, எழுத்து அச்சு மாதிரி இரிக்கி. கரண்ட் போய் வந்தா இதுகள்ற இலக்கம் மாறிரும். உள்ளுக்குள்ள ஒண்டையொண்டு பேர் சொல்லித்தான் கூப்பிடும். அறைகளுக்கு வெளிய இரிக்கிற இந்த வீட்டுக்கார மெசினுக்குத்தான் பேர் தெரியா."

"வீட்டுக்குள்ள இரிக்கிற ஆக்கள்ற பேரே தெரியாத வீட்டுக்காரியா?"

"ஓம் மாமி. நாமதான் சொல்லிக் குடுக்கணும்."

மதியச் சோறு ஆறியது. அவர் ஒரு சின்ன நிரலை எழுதினார். ஓர் அறை திறந்தால் போதும், அந்த நிரல் ஓடிப்போய்ப் பெயரையும் இலக்கத்தையும் கேட்டு, தானே பட்டியலில் பதிந்துகொள்கிறது! அணைத்துப் போட்டார், இலக்கம் மாறியது, பெயர் அசையவில்லை. ஐந்து தடவை அணைக்கச் சொன்னேன். ஐந்து தடவையும் விடுதி விடுதியாகவே இருந்தது, அரிசி அரிசியாகவே இருந்தது. ஸுப்ஹானல்லாஹ்! சம்பளமில்லாமல், தேநீர் கேட்காமல், கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுதுவினைஞர்! இப்படிப்பட்டவரையா கொழும்புக்கு அனுப்பப் பார்த்தேன்?

உன் வாசலை நோயும் வீண்பேச்சும் மிதிக்காதிருக்கத் துஆச் செய்யும்,

உன் ராத்தா
ஸுஹைறா

பி.கு.: உறையை ஒட்டுமுன் அந்தப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அகரவரிசையில்லை, இடைவெளி சீரில்லை. திருத்தினேன். அரை நிமிடத்துக்கொரு முறை பட்டியலைச் சரிபார்க்கும் அந்த நிரல் என் திருத்தத்தை அழித்துத் தன் எண்ணப்படி எழுதிவிட்டது. நான்கு முறை! மருமகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மாமி, அது சொல்லுக் கேளா" என்கிறார். என் வீட்டில் என் எழுத்தை அழிக்க எவருக்கும் இடமில்லை. ஆகவே கொழும்பில் அந்த உத்தியோகத்தைப் பார். மருமகனுக்கல்ல, அந்த எழுதுவினைஞருக்கு.