முப்பது நாளுக்கு மேல்

நூலகத்தின் தொலைபேசி அன்று காலை எட்டாவது முறையாக அலறியது. அங்கே கணினியைக் கவனிக்கும் ஊழியரான கம்ப்யூட்டர் அக்கா பயந்துகொண்டே எடுத்தாள்.

"நேத்து சாயங்காலம்தானேம்மா புத்தகம் எடுத்தேன்? இன்னும் அட்டையைக்கூடத் திறக்கல. அதுக்குள்ள 'உடனே திருப்பித் தரவும்'னு மெயிலா? மேல '30>'னு வேற போட்டிருக்கு. அது என்ன, சட்டப் பிரிவா?"

முப்பது நாளுக்கு மேல் புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கடிதம் போகவேண்டும் என்பது தலைமை நூலகரின் உத்தரவு. போனது நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு, அதாவது கையில் புத்தகம் இருந்த அத்தனை பேருக்கும்.

இரண்டு வாரம் முன்புவரை புத்தகங்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தவள் அவள். நூலகத்தின் இணையதளத்தைக் கவனித்துக்கொண்டிருந்தவர் மாற்றலாகிப் போனதும் அந்த வேலை அவள் தலையில் விழுந்தது. விழுந்த வேலை அவளுக்குப் பிடித்தும் போயிற்று. கடிதத்தில் 'பெயர்' என்று எழுதி இரண்டு பக்கமும் '#' என்ற ஹேஷ் குறி போட்டால், அந்தச் சொல் மறைந்து அங்கே வாசகரின் சொந்தப் பெயர் வந்து நிற்கும். முதல்முறை பார்த்தபோது அவள் கையே தட்டிவிட்டாள்.

ஆனால் இணையதளம் எழுதப்பட்டிருந்த கணினி மொழியில் ஒவ்வொரு கட்டளையும் '<' என்று திறந்து '>' என்று மூடும். இவள் 'நாள் > 30' என்று எழுதியிருந்தாள். இயந்திரம் நடுவில் இருந்த குறியைப் பார்த்ததும் 'நாள்' என்பதோடு கட்டளை முடிந்தது, ஒரு நாள் ஆனவருக்கும் அனுப்பு என்று எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்த '30>' கடிதத்தின் தலையில் ஏறி உட்கார்ந்தது. பெரியது என்பதைக் குறியாகப் போடாமல் சொல்லாக எழுதவேண்டும் என்பது பிடிபட அவளுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது.

"சரிதானே! கதவைச் சாத்துற குறியைக் கொண்டுபோய் நடுவீட்டுல வெச்சா, அது பாவம், சாத்தத்தானே செய்யும்?" என்றாள், பாராட்டாகவே.

தலைமை நூலகர் பாராட்டவில்லை. இருபத்திரண்டு வருடம் அமைதி காத்தவர், கோபத்தையும் கிசுகிசுப்பாகத்தான் காட்டுவார்.

"மன்னிப்புக் கடிதம் அனுப்பும்மா," என்று சீறினார். "ஃபோன்ல ஹேஷ் அழுத்தினா கெடுவை நீட்டிச்சுக்கலாம்னும் அதுல போடு."

போட்டாள். கடிதம் கிளம்ப மறுத்தது. ஒற்றை ஹேஷைப் பார்த்த இயந்திரம், அதற்கு ஜோடி எங்கே என்று தேடி நின்றது. வெறும் ஹேஷ் அச்சாகவேண்டுமென்றால் இரண்டாகப் போடவேண்டும் என்று கண்டுபிடித்தாள். கண்டுபிடித்த சந்தோஷத்தில் கடிதத்தில் இருந்த எல்லா ஹேஷையும் ஒரே அழுத்தில் இரட்டிப்பாக்கினாள்.

மதியம் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். கையில் அச்செடுத்த கடிதம். 'மதிப்பிற்குரிய #பெயர்# அவர்களே.'

"முப்பது வருஷமா உறுப்பினர். என் பேரை எழுதக்கூட உங்களுக்கு மனசு வரலையா?"

மன்னிப்புக்கு ஒரு மன்னிப்பு போயிற்று. இந்த முறை ஹேஷ் எல்லாம் சரி. ஆனால் ஒவ்வொரு வாசகராகச் சுற்றிவரும் கட்டளைக்கு வெளியே பெயரை வைத்துவிட்டாள். பட்டியலின் முதல் பெயரே நானூற்றுப் பன்னிரண்டு கடிதங்களிலும் ஏறியது. அது ஊர்ப் பல் டாக்டரின் பெயர்.

டாக்டர் மறுநாள் புத்தகத்தோடு ஓடிவந்தார். "வர்ற பேஷண்ட் எல்லாம் 'புத்தகத்தைக் குடுத்திட்டீங்களா டாக்டர்?'னு கேக்கறாங்கம்மா. வாயைத் திறந்துக்கிட்டே கேக்கறாங்க!"

அடுத்து யார் பெயரைச் சொல்லி ஊர் சிரிக்குமோ என்று எல்லோருக்கும் கிலி பிடித்தது. மூன்று நாளில் புத்தகங்கள் வந்து குவிந்தன. வேறு நூலகத்து முத்திரை போட்டவையே பதினொன்று.

"இது என் மாமியாரோட சமையல் புத்தகம்," என்றாள் ஒரு பெண். "எதுக்கும் இருக்கட்டும்னு கொண்டுவந்தேன்."

தலைமை நூலகர் நிரம்பி வழிந்த அலமாரிகளுக்கு நடுவே நடந்தார். ஆனந்தத்தில் அவர் கிசுகிசுப்பு கிட்டத்தட்டப் பேச்சாகவே மாறிவிட்டது.

"பிரமாதம்மா! இப்போ ஒரே ஒருதடவை சரியா அனுப்பு. முப்பது நாளுக்கு மேல இன்னும் எவன் வெச்சிருந்தாலும் விடக்கூடாது. பேரை அச்செடுத்து வாசல் பலகையில ஒட்டு. யாரா இருந்தாலும் சரி!"

அக்கா வரிவரியாக எழுதினாள். பெரியது சொல்லாக இருந்தது. ஹேஷ்கள் ஜோடி ஜோடியாக நின்றன. பெயர் சுற்றுக்குள் இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள்.

திரையில் வந்தது: 'அனுப்பப்பட்டவை: 1.'

இதிலும் எங்கோ தப்பு என்று முடிவுகட்டினாள். யாருக்குப் போனது என்று பார்க்கக்கூடத் தோன்றவில்லை. மறுபடி முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படித்தாள். ஒரு குறி கூடவில்லை, ஒரு குறி குறையவில்லை. பார்க்கவே அழகாக இருந்தது.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த தலைமை நூலகருக்கே மெய் சிலிர்த்தது. "இவ்வளவு நுணுக்கமா எங்கேம்மா கத்துக்கிட்டே?"

"தடுக்கி விழுந்துதான் சார். இந்த மொழிக்கு நம்ம அலமாரியில ஒரு புத்தகம்கூட இல்லையே."

"நூலகத்துல புத்தகம் இல்லையா? என்ன அநியாயம்!"

ஒரு கையில் அச்சான பட்டியலும் மறு கையில் பசைப் புட்டியுமாக வந்த, கவுண்ட்டரில் புத்தகம் பதிந்து கொடுக்கும் அம்மா சொன்னாள்:

"இந்தப் பட்டியல்ல இருக்கற ஒரே புத்தகமே அதுதான் சார், மேசைக் கால் ஆடுது, முட்டுக் கொடுக்கணும்னு ரெண்டு வருஷம் முன்னாடி உங்க கார்டுலதானே எடுத்துக் குடுத்தேன்!"