பக்கத்து டேபிளுக்குப் போன வார்த்தை

எனக்குப் பேச வராது. ஊமை இல்லை. தேவைக்குப் பேசுவேன். "சோறு", "போதும்", "கரண்ட் போயிடுச்சு". இந்த மூன்றை வைத்தே ஒரு வாரத்தை ஓட்டிவிடுவேன். எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் உண்டு. என் மனைவி ஸ்டெல்லா செய்தால் குழம்பு ஆறிப்போகும். நான் செய்தால், "ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஆமென்." (ஆண்டவருக்கும் வேறு வேலை இருக்கும்.)

படிப்பு எட்டாவதோடு சரி. அதன்பிறகு ஆரணியில் பட்டுத் தறி. தறி ஓடும்போது பேசினாலும் யாருக்கும் கேட்காது. எனக்கு ஏற்ற தொழில்.

கொரோனா வந்து எல்லாவற்றையும் மூடி, பிறகு பாதி திறந்த சமயம். பஸ்ஸில் பாதி சீட்டு. ஓட்டலில் பாதி டேபிள். ஸ்டெல்லாவுக்கு நாற்பது வயது முடிந்தது. அவள் பிறந்தநாளை அதுவரை யாரும் கொண்டாடியதில்லை. எங்கள் ஒரே மகள் பிரின்சி செய்யாறில் கம்பெனி வேலைக்குப் போகிறாள். அவள்தான் ஆரம்பித்தாள்.

"ப்பா, அம்மா பர்த்டேக்கு வேலூர்ல பெரிய ஓட்டல்ல சாப்புடறோம். புக் பண்ணிட்டேன்."

"சரி."

"நீ ஒண்ணும் வாங்க வேணாம். அங்க வெச்சி அம்மாகிட்ட நல்லதா ஒரு வார்த்த சொல்லணும். அதான் கிஃப்ட்."

"ஏதாவது வாங்கியே குடுத்துடறேனே."

"வேணாம். வார்த்ததான்."

ஸ்டெல்லா அடுப்படியில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "யாரு, இவரா? இவரு வாயத் தொறந்தாருன்னா அன்னிக்கே கொரோனா ஓடிப்பூடும்" என்றாள். சிரித்தபடிதான் சொன்னாள். ஆனால் மறுநாளே பெட்டியைத் திறந்து அந்தப் புடவையை எடுத்து நிழலில் காயப்போட்டாள். எதிர்பார்க்கிறாள் என்று எனக்கே புரிந்தது.

அந்தப் புடவை நான் நெய்தது. கத்தரிப்பூ நிறம், மஞ்சள் பார்டர். தறியில் ஒரு பாவு நூல் ஏற்றினால் ஒரே நிறத்தில் நாலைந்து புடவை வரும். மற்றதெல்லாம் முதலாளி மூலம் கடைக்குப் போய்விட்டது. ஒன்றை மட்டும் கேட்டு வாங்கி ஸ்டெல்லாவுக்குக் கொடுத்தேன். கொடுக்கும்போது நான் சொன்னது: "இந்தா."

ஒரு வாரம் தறியில் உட்கார்ந்து வார்த்தை தேடினேன். மாஸ்க் போட்டிருந்ததால் வாய் அசைவது யாருக்கும் தெரியவில்லை. கொரோனாவால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை. கடைசியில் ஒன்று அமைந்தது. "நீ வந்தப்புறம்தான் வீடு வீடாச்சு. உனக்கு நான் ஒண்ணும் பெருசா செய்யல. ஆனா ஆயிரம் பேர் நடுவுல நின்னாலும் உன்ன எனக்குத் தெரியும்." அந்தக் கடைசி வரி எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. எனக்கே பிடித்துப்போனது. மிதியை மிதிக்க மிதிக்க அதையே சொல்லிப் பார்த்தேன்.

பிறந்தநாளன்று சாயந்திரம் ஸ்டெல்லா புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"எப்பிடி இருக்குது?"

"இந்தக் கலரு வேலூர்லயே ஒருத்தர்கிட்டயும் இருக்காது" என்றேன். (பாருங்கள். பேசினால் இப்படித்தான் ஆகும்.)

ஓட்டல் வாசலில் கோட்டு போட்ட ஒருவர் துப்பாக்கி மாதிரி ஒன்றை என் நெற்றிக்கு நீட்டினார். நான் இரண்டு கையையும் தூக்கிவிட்டேன்.

"ப்பா, கைய எறக்கு. ஜுரம் பாக்குறாங்க" என்றாள் பிரின்சி.

ஜுரம் இல்லை. பயம் இருந்தது. அதை அந்தத் துப்பாக்கி காட்டவில்லை.

உள்ளே மங்கல் வெளிச்சம். ஏசி குளிர். ஒரு டேபிள் விட்டு ஒரு டேபிளில் சிவப்பு டேப் ஒட்டியிருந்தார்கள். டேபிளுக்கு இரண்டு பேர்தான் என்று அந்த ஓட்டலில் ஒரு சட்டம். நானும் ஸ்டெல்லாவும் ஒரு டேபிள். பிரின்சி தள்ளி ஒரு டேபிளில் தனியாக. கல்யாணம் ஆன நாளிலிருந்து நானும் ஸ்டெல்லாவும் இப்படி எதிரும் புதிருமாகச் சும்மா உட்கார்ந்ததே இல்லை. தட்டின் மேல் துணியைத் தாமரை மாதிரி மடித்து வைத்திருந்தார்கள். அது எதற்கு என்று தெரியாததால் நான் அதைத் தொடவில்லை. சாப்பாடு வரும்வரை மாஸ்க் கழற்றக்கூடாது என்றார்கள். பிரின்சி தன் போனிலேயே எங்களுக்கும் சேர்த்துக் கோழி ஆர்டர் செய்தாள்.

ஸ்டெல்லா கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"இன்னாங்க, ஏதோ சொல்லப்போறதா பேச்சு அடிபட்டுச்சே."

"ம்."

"கடைய ஜல்தியா சாத்திடுவாங்களாம். அதுக்குள்ள சொல்லிடுவீங்களா?"

"கை கழுவிட்டு வரேன்" என்று எழுந்து ஓடினேன்.

கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். தடங்கல் இல்லாமல் வந்தது. இதே சூட்டில் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று முகத்தைக் கழுவி, மாஸ்க்கை மாட்டி, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேகமாக வந்தேன். வேகமாக வந்ததில் மூச்சு வாங்கியது. மாஸ்க்குக்கு மேலே போன மூச்சு கண்ணாடியை மூடிவிட்டது. எல்லாம் பனி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் வார்த்தை மறந்துவிடும் போல இருந்தது. துடைக்கவில்லை.

பனிக்குள் கத்தரிப்பூ நிறம் தெரிந்தது. மஞ்சள் பார்டர். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். சுற்றிப் போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். முகத்தைப் பார்த்தால் வாய் கட்டிவிடும். அதனால் முந்தானையைப் பார்த்தேன். என் கை வேலைதான். சந்தேகமே இல்லை. மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன்.

எதிரில் சத்தம் இல்லை. ஸ்டெல்லா பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. சரி, வார்த்தை வேலை செய்கிறது என்று நினைத்தேன். உள்ளுக்குள் ஒரு பெருமை.

பிறகு பனி கொஞ்சம் விலகி, டேபிளில் வறுத்த மீன் இருப்பதைப் பார்த்தேன். நாங்கள் சொன்னது கோழி. மீனுக்குப் பக்கத்தில் இருந்த கையில் தங்கச் சங்கிலி போட்ட வாட்ச். ஸ்டெல்லாவிடம் வாட்ச் கிடையாது.

"சார்… நீங்க யாருங்க?" என்றது மாஸ்க்.

கண்ணாடியைக் கழற்றினேன். நல்ல சிவப்பான ஒரு அம்மா. கண் கலங்கியிருந்தது. நான் எழுவதற்குள் பின்னால் ஒரு கனத்த குரல்.

"ஹலோ, யாரு நீ? என் சீட்ல உக்காந்துகினு என் சம்சாரத்துகிட்ட இன்னா பேசிகினு இருக்க?"

"ஏங்க, அவர ஒண்ணும் சொல்லாதீங்க" என்றது அந்த அம்மா. "யாருன்னே தெரியாதவரு எவ்ளோ அழகா சொன்னாரு. இத்தன வருஷத்துல நீங்க இதுல பாதி சொல்லியிருக்கீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் மீனைப் பார்த்தேன்.

கோட்டு போட்டவர் ஓடி வந்தார். அவருக்கு வேறு கவலை. "சார், டேபிள் மாறி உக்காரக்கூடாது சார், கொரோனா ரூல்ஸ்" என்று என் இரண்டு கையிலும் சானிடைசர் அடித்தார். நான் உட்கார்ந்த நாற்காலிக்கும் அடித்தார். அந்த அம்மாவின் வீட்டுக்காரர் தன் கையையும் நீட்டினார். அவருக்கும் அடித்தார்.

சிவப்பு டேப் போட்ட டேபிளுக்கு அந்தப் பக்கம் ஸ்டெல்லா எழுந்து நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரின்சி டேபிளில் தலையைக் கவிழ்த்திருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளே என்று பதறினேன். அழவில்லை.

என் இடத்தில் வந்து உட்கார்ந்தேன்.

"அந்தம்மாகிட்ட இன்னா சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா அது கண்ணத் தொடைக்குது?"

கோழி வந்திருந்தது. நான் கோழியைப் பார்த்தேன்.

"எனக்கு வெச்சிருந்ததத்தானே சொன்னீங்க?"

"ஆமா."

"சரி வுடுங்க. இப்ப எனக்குச் சொல்லுங்க." மாஸ்க்கைக் கீழே இறக்கிவிட்டுக் காத்திருந்தாள். கோபம் இல்லை. கேட்கத் தயாராக இருந்தாள்.

வாயைத் திறந்தேன். முதல் வரி வந்துவிடும். இரண்டாவதும் வரும். மூன்றாவது வரியை எப்படிச் சொல்வது? ஆயிரம் பேர் வேண்டாம், நாலு டேபிள் நடுவிலேயே அவளை எனக்குத் தெரியவில்லை. புடவையைத்தான் தெரிந்தது.

"சாப்பிடு. கோழி ஆறுது" என்றேன்.

அவள் சாப்பிட்டாள். நல்லா இருக்குது என்று இரண்டு தடவை சொன்னாள், பிரின்சிக்குக் கேட்கிற மாதிரி.

கிளம்பும்போது அந்த அம்மா எங்கள் டேபிளுக்கு வந்து தள்ளி நின்றது. "உங்களுக்குப் பொறந்தநாளாமே, உங்க பொண்ணு சொல்லிச்சு, நல்லா இருங்க. உங்களுக்கு வந்தத நான் கேட்டுட்டேன், தப்பா நெனைக்காதீங்க."

"இன்னாம்மா சொன்னாரு? நீங்களாவது சொல்லுங்களேன்."

அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தது. "அத நான் சொன்னா நல்லா இருக்காதுங்க. அவரே சொல்லட்டும்."

ஒரே மாதிரிப் புடவையில், மாஸ்க் போட்டு, இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். பிரின்சி போட்டோ எடுத்துவிட்டாள்.

அந்தப் போட்டோதான் இன்றைக்கும் என் பேஜார். வீட்டுக்கு யார் வந்தாலும் பிரின்சி போனை நீட்டி, "ப்பா, இதுல எது அம்மா?" என்பாள். முதல் தடவை நான் தப்பாகச் சொன்னேன். அதையும் சேர்த்துத்தான் எல்லோருக்கும் சொல்கிறாள். மாப்பிள்ளை பெண் பார்க்க வந்த அன்றே அவருக்கும் தெரிந்துவிட்டது. இப்போது எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், "மாமா, அத்தை இங்க இருக்காங்க" என்று கையைக் காட்டுகிறார். சபையில் எல்லோரும் சிரிக்கிறார்கள். ஸ்டெல்லாவும் சிரிப்பாள்.

போன பிறந்தநாளுக்கு வீட்டில் நானும் அவளும் மட்டும். நான் தறியை நிறுத்திவிட்டு டீ குடிக்க வந்தேன். அவள் அதே புடவையைக் கட்டியிருந்தாள். எங்கிருந்தோ பழைய மாஸ்க் ஒன்றைத் தேடி மாட்டியிருந்தாள். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"நான் உங்க பொண்டாட்டி இல்ல. வேற யாரோன்னு நெனச்சிகினு சொல்லுங்க."

டம்ளரோடு நின்றேன். மூன்று வரியும் நாக்கில் இருந்தது.

"டீ ஆறுது" என்றேன்.

அவள் திரும்பவில்லை. தோள் குலுங்கியது. சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். முதுகைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது.