பட்டாளத்தான் கல்லும் எங்கள் வீட்டு ஐந்தாவது தட்டும்

சேரப்பணஞ்சேரி அருகில்,
ஆவணி மாதம், 2004

மகாகனம் பொருந்திய மைத்துனர் திரு. சுப்பராயன் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை ராஜலட்சுமியின் கணவன் ஏகாம்பரநாதன் பணிவோடு எழுதிக்கொள்வது. இவ்விடம் அனைவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். அந்த ‘அனைவரும்’ என்கிற இடத்தில் கை நின்றுவிட்டது. எத்தனை பேர் என்று தெரியாமல் எப்படி எழுதுவது?

நம்மூர் முனையில் இருந்த பட்டாளத்தான் கல் தங்களுக்கு நினைவிருக்கும். வெள்ளைக்காரன் நட்டது. இவ்வூரிலிருந்து மகாயுத்தத்துக்குப் போனவர்கள் ஐவர், உயிர் நீத்தவர் ஒருவர் என்று மட்டும் வெட்டியிருக்கும், பேர் கிடையாது. வெளியூர் போகிறவர்கள் இன்றைக்கும் அதைத் தொட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள், திரும்பி வந்தால் மறுபடி தொடுவார்கள். ஒரகடம் ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று காண்ட்ராக்டர் ஜேசிபியை விட்டு அதைப் பெயர்த்துவிட்டார். கோயில் கட்டணும் என்று ஒரு கட்சி, மியூசியத்துக்குக் கொடுக்கணும் என்று ஒரு கட்சி, உடைத்து மதகுக்குப் போடலாம் என்று காண்ட்ராக்டர். சண்டை தீருகிற வரைக்கும் இருக்கட்டும் என்று பஞ்சாயத்துத் தலைவர் அதை என் வீட்டுப் பின்பக்கம் கொண்டுவந்து நிறுத்தினார். வேண்டாம் என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் தங்கள் தங்கை அதற்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவ ஆரம்பித்துவிட்டாள்.

பின்னால் ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறேனே, அதில் திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்கள் நாலு பேர் இருக்கிறார்கள். கார் சாமான் செய்கிற கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை, காக்கி யூனிபாரம். தினமும் வாயில் பேஸ்ட் நுரையோடு, பட்டன் போடாமல், கம்பெனி பஸ்ஸுக்கு மந்தை மாதிரி ஓடுவார்கள். கல் வந்த மறுநாள் காலையில் பார்த்தால் வரிசையாகப் போகிறார்கள், காலும் கையும் ஒரே சமமாக! இன்னாடா இது பரேடு என்று சிரித்தேன். மகாராஜா என்கிற பையன் சிரிக்கவில்லை. “எங்களுக்கே தெரியல அண்ணாச்சி, காலு தன்னால போவுது”ன்னான். அவங்க கேட்டைத் தாண்டுறப்ப சும்மா எண்ணினேன். அஞ்சு. முப்பது வருஷம் கண்டக்டரா இருந்தவன் நான், தலை எண்ணுறதுல தப்பு வராது. கடைசி ஆள் கெண்டைக்கால்ல அந்தக் காலத்துப் போலீஸ்காரன் மாதிரி துணி சுத்தியிருந்துது. நரம்பு சுருட்டிக்கிச்சு போல, பாவம், யாரோ புதுப் பையன்னு நெனச்சுக்கினு பேப்பர் படிக்கப் போயிட்டேன்.

அப்புறம்தான் கம்பெனியில கலாட்டா. சூப்பர்வைசர் புடிச்சுக்கினாராம்: “இன்னாய்யா, கார்டு நாலு கீது, லைன்ல ஆளு அஞ்சு கீது?” பையனுங்க திரும்பிப் பாத்தா அங்க யாருமில்ல, ஆனா அஞ்சாவது ஆளு முடுக்க வேண்டிய போல்ட்டெல்லாம் முடுக்கிக் கெடக்குதாம். ரெண்டு நாள் கத்திட்டு, புரொடக்‌ஷன் ஏறினதும் சூப்பர்வைசர் அடங்கிட்டார். “யாரா இருந்தா இன்னா, வேலை சுத்தமா கீது, சம்பளம் கேக்கல”ன்னுட்டாராம்.

நம்ம வூட்டுல அதுக்கு மேல. பையனுங்களுக்கு ராத்திரி சோறு நம்ம வூட்டுலதான்; உங்க தங்கச்சி சாயங்காலம் நாலு பேருக்கு அஞ்சு தட்டு வெக்கிறா. அஞ்சாவது தட்டு கழுவி, துணி தோய்க்கிற கல்லு மேல கவுத்து வெச்சிருக்கும். இந்த ரூம் பையனுங்க ஒருத்தனும் பொறந்ததுலேர்ந்து தட்டு கழுவினவன் இல்ல. ஒருநாள் வெயில் சாயறப்ப பின்பக்கம் போனேன். கல்லைப் பாத்துக்கினு ஒருத்தன் உக்காந்திருந்தான், முதுகு மட்டும்தான் தெரிஞ்சுது. மூஞ்சியப் பாக்கணும்னு இந்தப் பக்கம் சுத்தினேன், முதுகு. அந்தப் பக்கம் சுத்தினேன், அப்பவும் முதுகு. ஆனாலும் வூட்டுக்காரன் இல்லியா, “தம்பி, எந்த ஊரு?”ன்னு கேட்டேன். “இந்த ஊருதான்”ன்னு மெதுவா சொல்லிச்சு. எந்த வூடுன்னு கேட்டேன். கையை நீட்டி அந்தக் கல்லைத் தொட்டுச்சு. நான் உள்ள வந்து பின்கதவைத் தாப்பா போட்டுட்டேன்.

ராஜலட்சுமிகிட்ட சொன்னா, மோரு கடைஞ்சுக்கினே சொல்றா: “அப்ப ஒரு தடவ போச்சு, வரல. இப்ப தெனம் போவுது, தெனம் வூட்டுக்குத் திரும்பி வருது. அத ஏன் நீ கெடுக்கிற?”

பையனுங்க பயந்துபோய் ரூமை காலி பண்றோம்னு மூட்டை கட்டுறாங்க மச்சான். ஆகவே, காஞ்சிபுரத்தில் அரசாங்க உத்தியோகத்தில் இருக்கும் தாங்கள், சம்பந்தப்பட்ட அதிகாரிகளிடம் பேசி, மேற்படி கல்லை எங்கள் இல்லத்திலிருந்து உடனே அகற்ற ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் தங்கைக்குத் தெரிய வேண்டாம். அண்ணியார் அலமு அவர்களுக்கு எங்கள் வணக்கம். குழந்தைகளுக்கு ஏகாம்பரேஸ்வரர் துணையிருந்து, படிப்பும் ஆயுசும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஏகாம்பரநாதன்

பி.கு.: ஒட்டின கவரைப் பிரிச்சு எழுதுறேன். இன்னைக்கு மத்தியானம் நாங்க படப்பை சந்தைக்குப் போயிருந்தப்ப காண்ட்ராக்டர் ஆளுங்க வந்து கல்லை லாரியில ஏத்திக்கினு போயிட்டாங்க. மறைமலை நகர் பக்கம் போச்சுன்னு டீக்கடையில சொல்றாங்க. சாயங்கால பஸ் வந்துச்சு. நாலு பேர்தான் எறங்கினாங்க, பழையபடி மந்தையா வந்தாங்க. ஓவர்டைமா இருக்கும் அண்ணாச்சின்னு மகாராஜா சொல்றான், என் மூஞ்சியப் பாக்காம. மூட்டையை அவனே பிரிச்சு வெச்சுட்டான். ராஜலட்சுமி தட்டைப் போட்டுட்டு வாசல் கேட்டாண்ட நிக்கிறா, கூப்பிட்டா வரமாட்டேங்குறா. நானும் போய் நிக்கப் போறேன். மேலே எழுதினது எதையும் செய்ய வேணாம். யார் கால்லயாவது விழுந்து அந்த லாரியைத் தேடிப் புடிச்சு, கல்லைத் திரும்ப எங்க வூட்டுக்கே அனுப்பி வைங்க. புதுசா போட்ட ரோடு, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கீது. புள்ளைக்கு வூடு தெரியாது.