பதினாறு அடிக்கு மேல் ஒரு நூல்

கடவுச்சொல் தவறு என்று கம்ப்யூட்டர் ஐந்தாவது முறையாகச் சொன்னது.

சிவசங்கர் கல்யாண நாளைப் போட்டுப் பார்த்தான். மனைவி தேவிப்ரியாவின் பிறந்த நாள், அவள் வளர்த்த பூனையின் பெயர், கல்லூரிப் பதிவு எண், கடைசியாகத் தன் பெயர். எதுவும் இல்லை. தன் பெயர் இல்லை என்பது கொஞ்சம் வலித்தது.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில், வீட்டு பிளான் வரையும் அவர்களுடைய கடை. வரைவது தேவிப்ரியா. இடத்தை அளப்பதும் ஆபீசுக்கு அலைவதும் சிவசங்கர். அவள் இறந்து ஒன்றரை வருடம். வரையும் மென்பொருள் அவளுடைய மாணவர் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அதுவும் நின்றுவிட்டது.

எதிரே மூங்கில்துறைப்பட்டு கரும்பு விவசாயி சின்னராசு உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பொண்ணு எனக்குப் போட்ட பிளான் ஒரு காப்பி போதும் தம்பி. குடுத்த பேப்பர எலி கடிச்சிடுச்சு. வெள்ளிக்கிழமை பஞ்சாயத்து ஆபீஸ்ல குடுத்தாவணும்."

"குடுத்துடலாம்ணா."

"முடியலன்னா சொல்லிடுங்க. சங்கராபுரத்துல ஒருத்தரு புதுசாவே போட்டுத் தரேன்றாரு."

"வேணாம்ணா!"

சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது. அது அவள் கடைசியாக வரைந்த வீடு. வேறு ஆள் வரைந்தால் அவளுடையது கம்ப்யூட்டருக்குள்ளேயே கிடக்கும். மண்ணில் எழும்பாது.

சின்னராசு பஸ் ஏறியதும் நிர்மலாவுக்குப் போன் போட்டான். அவனுக்கும் தேவிப்ரியாவுக்கும் கல்லூரித் தோழி. பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கிறாள்.

"இலவசமா எவ்ளோவோ இருக்குடா. உனக்கு இன்னா வேணும்? சும்மா கோடு போடணுமா, வூடு எழும்பி நிக்கணுமா?"

"அவ போட்டதைத் தொறக்கணும். அவ்ளோதான்."

"அனுப்பறேன்," என்றாள்.

முதல் மென்பொருள் ஐந்து நிமிடத்தில் இறங்கியது. வீட்டையும் திறந்தது. ஹாலின் நீளம் பதினாறு மில்லிமீட்டர் என்றது. மொத்த வீட்டையும் தீப்பெட்டிக்குள் வைத்துவிடலாம்.

"அடியை மில்லிமீட்டர்னு நெனச்சுக்கினு கீது. முந்நூத்தி நாலு புள்ளி எட்டால பெருக்கு," என்றாள் நிர்மலா.

புள்ளி எட்டை எதற்குச் சுமப்பது என்று முந்நூற்றைந்தால் பெருக்கி வாட்ஸப்பில் அனுப்பினான். மறுநாள் காலையிலேயே சின்னராசு கூப்பிட்டார்.

"தம்பி, ஹாலு பதினாறு அடி ஒரு நூலுன்னு காட்டுது."

கொத்தனார் கணக்கில் நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.

"ஒரு நூல்தானேண்ணா. பூச்சுல போயிடும்."

"மனையடி சாஸ்திரத்துல பதினாறுக்குச் செல்வம்னு போட்டுக்குது. ஒரு நூல் ஜாஸ்தியானா அதுக்கு இன்னா பலன்? காலண்டர்ல இல்லியே!"

இரண்டாவது மென்பொருளுக்கு அடிக்கணக்கு அத்துபடி. பதினாறு பதினாறாகவே நின்றது. தமிழ்தான் தெரியவில்லை. அறைகளின் பெயர் இருந்த இடமெல்லாம் வெறும் கட்டங்கள்.

எது எந்த அறை என்று சிவசங்கருக்கு நினைவில்லை. அவள் வரையும்போது பக்கத்தில்தான் இருந்தான். டீ வாங்கி வந்து கொடுத்துவிட்டு உட்காருவான். திரையைப் பார்த்ததில்லை.

குத்துமதிப்பாகப் பெயர் போட்டு அனுப்பினான்.

"தம்பி, சாமி ரூமுல கக்கூஸ் போட்டுக்கிறீங்க."

"மாத்திடறேண்ணா. சாமி ரூம் எங்க வரும்?"

"இருங்க, பாத்துச் சொல்றேன்." போனில் காலடிச் சத்தம் கேட்டது. "வாசல்லேர்ந்து ஒண்ணு, ரெண்டு, மூணு... அஞ்சு எட்டு. சோத்துக்கை பக்கம். அப்புறம், அந்த ஜன்னலு இன்னும் ஒரு முழம் தள்ளி வரணும்."

காலி மனையில் எட்டு வைத்துப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டான். இத்தனை ஆசையோடு இருக்கிறவரைக் காக்கவைத்துவிட்டோமே என்றிருந்தது.

ஜன்னலை நகர்த்தினான். சுவரும் கூடவே வந்தது. சுவரைப் பின்னால் இழுத்தான். சமையலறை காணாமல் போனது. அதைக் கவனிக்காமல் அனுப்பினான்.

"சமையக்கட்டே இல்லியே தம்பி. எங்கூட்டு லட்சுமி என்னைத்தான் வறுக்கும்."

வியாழக்கிழமை மதியம் நிர்மலாவே போன் செய்தாள். "நீ ஒண்ணையும் தொடாதடா. பெருசு ஒண்ணு அனுப்பறேன். வூட்டை அப்படியே நிக்க வெச்சுக் காட்டும்."

இறங்கி முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. அந்த நேரத்தில் சிவசங்கர் அளக்கும் டேப்பைத் துடைத்துவைத்தான். வெள்ளிமலையில் ஒரு பள்ளிக்கூடத்தை அளக்கப் போனபோது அதன் ஒரு முனையை அவள் பிடித்திருந்தாள். மலைப் பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டே கணக்கும் போட்டாள். இப்போது அந்த முனையை ஆணியில் மாட்டுகிறான்.

மூன்றாவது மென்பொருளில் அளவு சரி. தமிழ் சரி. சமையலறையும் இருந்தது. ஜன்னலும் சின்னராசு சொன்ன இடத்திலேயே இருந்தது. கூரை மட்டும் தரைக்குக் கீழே இருந்தது.

திரையின் ஓரத்தில் தேவிப்ரியா பிரித்துவைத்த பகுதிகளின் பட்டியல் வந்தது. சுவர். கதவு. படி. கடைசியில் ஒன்று: 'சங்கர், இதைத் தொடாதே.'

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தொட்டான்.

கூரை மேலே ஏறி உட்கார்ந்தது. இரண்டு படி, கம்பி போட்ட வராந்தா, அவள் தேர்ந்தெடுத்த வெளிர்பச்சைச் சுவர். வீடு நின்றது.

வெள்ளிக்கிழமை காலை சின்னராசு மனைவி லட்சுமியம்மாளையும் கூட்டி வந்தார். பிளானை அச்செடுத்துக் கொடுத்தான். சின்னராசு ஒவ்வோர் அளவாக விரல் வைத்துப் படித்தார்.

"நூல் பிசகல தம்பி. அந்தப் பொண்ணு கை."

"நீங்க இத அப்படியே கட்டணும்ணா. ஒரு ஜன்னல்கூட மாத்தக் கூடாது. அது ஒண்ணுதான் நான் கேக்கறது."

சின்னராசு தொண்டையைக் கனைத்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு வெளியே பஸ் ஸ்டாண்டைப் பார்த்தார்.

"இப்படித்தான் இருக்கும்," என்று சிவசங்கர் திரையை லட்சுமியம்மாள் பக்கம் திருப்பினான்.

அவர் குனிந்து உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்தது, உடனே சுருங்கியது.

"எப்ப தம்பி நம்ம வூட்டைப் போட்டோ எடுத்தீங்க? உங்களுது துக்க வூடாச்சேன்னு பால் காய்ச்சறதுக்கு நாங்கதான் கூப்புடாம வுட்டுட்டோம், அதுக்குன்னு வாசல் வரைக்கும் வந்தவங்க உள்ள வராமயா போவாங்க?"