நேரலை அண்ணனும் மே எட்டாம் தேதியும்

2024 ஜூலை 15, திங்கட்கிழமை. நாலரைக்கு எழுந்தேன். குளித்து, சாமிக்கு விளக்கேற்றி, நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, இரண்டு பொட்டலம் கட்டினேன். ஒன்று காலைக்கு, ஒன்று மதியத்துக்கு. 5.18-க்கு வீட்டைப் பூட்டினேன். 5.25-க்குக் குருண் கடைவீதி முனையில் தொழிற்சாலை பஸ் வந்து நின்றது. மூன்றாவது வரிசை, ஜன்னலோரம். 5.26-க்கு ஒலிபெருக்கியில் 'நாட்டு நிலவரம்' தொடங்கியது.

"வணக்கம் குருண்! வணக்கம் பீடோங், சுங்கை பட்டாணி, கூலிம்! இது உங்கள் நேரலை!"

மலேசியாவின் கெடா மாநிலத்தில் விடிவதற்கு முன் ஒருவர்கூடக் கண்ணை மூடக்கூடாது என்று தீர்மானம் போட்டுக்கொண்டு பிறந்தவர் யாராவது உண்டென்றால், அவர் எங்கள் பஸ் ஓட்டுநர்தான். அடையாள அட்டையில் வேறு பெயர் இருந்திருக்கும். நாங்கள் யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் நேரலை அண்ணன்.

அந்தத் திங்கட்கிழமை, பஸ்ஸிலிருந்த முப்பத்தெட்டுப் பேரில் எனக்கு மட்டுமே தெரியும் என்று நான் நினைத்த செய்தி ஒன்று இருந்தது. மாதக் கடைசியோடு அவருக்கு வேலை போகப்போகிறது. காரணம், நான்.

முதலில் அவருடைய மைக்கைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் பஸ் ஒரு காலத்தில் சுற்றுலா பஸ்ஸாக ஓடியது. எங்கள் தொழிற்சாலைக்கு பஸ் விடும் குத்தகை நிறுவனம் அதைப் பழைய விலைக்கு வாங்கியபோது, பாட்டுப் பாடும் கரவோக்கே பெட்டியும் நாலு ஒலிபெருக்கியும் கூடவே வந்தன. வேறு எந்த ஓட்டுநராக இருந்தாலும் பாட்டுப் போட்டிருப்பார். இவர் அரசியல் போட்டார். அந்தப் பெட்டியில் எதிரொலியை அணைக்க முடியாது. ஆகவே அவர் 'நாடாளுமன்றம்' என்றால் பின்வரிசை வரைக்கும் 'மன்றம், மன்றம், மன்றம்' என்று போய் முட்டும்.

ஓட்டும்போது கைப்பேசியைப் பிடிப்பது சட்டவிரோதம் என்று ஒரு முழு நிகழ்ச்சி நடத்தியவர் என்பதால், மைக்கையும் கையால் தொடமாட்டார். சட்டை மாட்டும் கம்பியை வளைத்துக் கழுத்தில் மாட்டி, அதில் மைக்கைச் செருகியிருந்தார். பார்ப்பதற்கு மாட்டுக்குத் தீவனப் பை கட்டியதுபோல் இருக்கும்.

கெடாவில் எங்களுக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை. மற்ற ஐந்து நாளுக்கும் அட்டவணை உண்டு. ஞாயிறு அரசியல், திங்கள் சட்டம், செவ்வாய் பாதுகாப்பு, புதன் வரலாறு, வியாழன் நேயர் நேரம். நேயர் நேரத்தில் மைக் இருக்கை இருக்கையாகக் கைமாறும். தூங்குவதுபோல் நடித்தாலும் தப்ப முடியாது. "மூணாவது வரிசை நேயர் மௌனமா இருக்காங்க. அவங்க மௌனத்தையும் பதிவு செய்றோம்" என்பார்.

விவாத மேடை என்றால் இரண்டு கட்சிக்கும் அவரே பேசுவார். ஆளுங்கட்சிக்குக் கட்டைக் குரல், எதிர்க்கட்சிக்குக் கீச்சுக் குரல். நடுவர் குரலில் இருவரையும் அதட்டுவார். ஒருமுறை பீடோங் சமிக்ஞை விளக்கில் கீச்சுக் குரல் வெளிநடப்புச் செய்தது.

சட்டத்தில் அவருக்கிருந்த தகுதி, ஒரு ஆட்டுத் திருட்டு வழக்கில் சாட்சியாக இருந்தது. வழக்கு ஏழு முறை ஒத்திவைக்கப்பட்டு, இவர் கூண்டேறும் முன்பே முடிந்துவிட்டதாம். "சொல்லாத சாட்சி இன்னும் உள்ளேயே கிடக்குக்கா" என்று நெஞ்சைத் தட்டுவார். வரலாறு இன்னும் மோசம். பூஜாங் பள்ளத்தாக்குப் பக்கம் தலையைத் திருப்பி, "சோழப் படை வந்த பாதையும் நம்ம பஸ் ரூட்டும் ஒண்ணுதான். ஒரே வித்தியாசம், அவங்களுக்கு ஓவர்டைம் இல்ல" என்பார்.

என் முன்வரிசையில் இருந்த மாலதி, "அண்ணே, போதும்லா, ரெண்டு கண்ணும் எரியுது" என்று கெஞ்சுவாள். எனக்குப் பக்கத்தில் உட்காரும் மலாய்க்கார அக்கா காக் ரோஸ், "சுக்குப்லா, பாங்" என்று மலாயில் அதையே சொல்வார். உடனே நேரலை அண்ணன், "மலாய் நேயர்களுக்காகச் செய்திச் சுருக்கம்" என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடுவார்.

நான் செய்த முதல் தவறு, அவரைத் திருத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மக்களவையில் 220 இடம் என்றார். பொறுக்கமுடியாமல், "222" என்று கத்திவிட்டேன். நான் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பத்தொன்பது வருடம். தப்பைப் பார்த்தால் வாய் தானாகத் திறக்கும். மறுநாள் 5.26-க்கு ஒலிபெருக்கி சொன்னது: "திருத்தம். நேற்றைய நிகழ்ச்சியில் ரெண்டு இடம் கொறஞ்சு போச்சு. சுட்டிக்காட்டிய கியூசி அக்காவுக்கு நன்றி. வருந்துகிறோம்." அன்றிலிருந்து தினமும் முதல் அங்கம் திருத்தம்தான். தவறே இல்லாத நாளில், "திருத்தம் எதுவும் உண்டாக்கா?" என்று கண்ணாடியில் என்னைப் பார்த்துக் காத்திருப்பார். இல்லை என்று நான் தலையாட்டும்வரை கியர் மாறாது.

இன்னொரு விதியும் அவரிடம் இருந்தது. யாரைப் பற்றிக் குறை சொன்னாலும், அவருக்குப் பதில் சொல்ல இரண்டு நிமிடம். அந்த விதிதான் என்னைப் புகார்க் கடிதம் வரைக்கும் தள்ளியது.

ஜூன் 25, செவ்வாய், பாதுகாப்பு நாள். தொழிற்சாலை வாசல் காவல் கொட்டகையில் நாய் தூங்குகிறது, காவலரும் தூங்குகிறார், இருவரில் நாய்தான் முதலில் விழிக்கிறது என்று சொல்லிவிட்டார். யாரோ கைப்பேசியில் வாசலுக்குத் தகவல் அனுப்பியிருக்கிறார்கள். 6.49-க்கு வாசலை அடைந்தபோது, காவலர் அந்தோணி, முன்னாள் ராணுவ வீரர், பஸ்ஸில் ஏறினார்.

"எங்க அந்த மைக்கு?"

"வாங்கண்ணே. ரெண்டு நிமிஷம். உங்க உரிம."

அந்தோணி தாய்லாந்து எல்லைக் காட்டில் தாம் முதல் முறை காவல் நின்ற இரவிலிருந்து தொடங்கினார். பதினொரு நிமிடம் பேசினார். கதவைத் திறக்கச் சொல்லி நாங்கள் தட்டினோம். "ஒலிபரப்பு போகுது, தொறந்தா வெளிச்சத்தம் வரும்" என்றார் நேரலை. நான் வருகைப் பதிவு இயந்திரத்தில் அட்டையைக் காட்டியபோது மணி 7.04. பத்தொன்பது வருடத்தில் முதல் தாமதம். சிவப்பு எழுத்தில் விழுந்தது.

இரண்டு நாள் கழித்துக் குத்தகை நிறுவனத்துக்கு மலாயில் கடிதம் எழுதினேன். கோரிக்கை ஒன்றே ஒன்று: மைக்கை அகற்றவும். இணைப்பாக, நான் தினமும் எழுதும் நாட்குறிப்பிலிருந்து நாற்பத்தொரு பதிவுகள். தேதி, தலைப்பு, பேசிய நிமிடம். ஜூலை 14 மதியம் அங்கிருந்து எழுத்தர்ப் பெண் அழைத்தாள்.

"அக்கா, உங்க பட்டியல் ரொம்ப கிளியர். மாசக் கடைசியோட அவர நிறுத்திடுறோம்."

"மைக்கத்தானே நிறுத்தச் சொன்னேன்?"

"எங்க பாஸ் பட்டியலப் பாத்துட்டு ஆளையே நிறுத்தச் சொல்லிட்டாரு. அவ்ளோ பலமா இருக்குக்கா."

நன்றாகச் செய்த வேலைக்குப் பாராட்டுக் கிடைத்தும் அன்று மதியப் பொட்டலத்தை நான் பிரிக்கவில்லை.

ஆக, ஜூலை 15, 5.26. "இன்னைக்கு சட்டம். நம்ம நெலையத்து மேலயே ஒரு புகார் வந்திருக்கு. முழுசா ஒலிபரப்பப்படும். ஓட்டும்போது வாசிக்கிறது குத்தம். அதனால அக்கா, நீங்க வாசிங்க. உங்க உச்சரிப்புத்தான் சுத்தம்."

கம்பியோடு மைக்கைக் கழற்றிப் பின்னால் நீட்டினார். கூடவே என் கடிதத்தின் நகல். மேலே என் பெயர் இருந்த இடம் கத்தரிக்கப்பட்டிருந்தது. அவருக்குத் தெரியுமா, தெரியாதா? கண்ணாடியில் முகத்தைப் பார்த்தேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு வரியையும் மலாயில் வாசித்துத் தமிழில் சொல்லவேண்டும் என்பது ஏற்பாடு. என் கடிதத்தை நானே, எதிரொலியோடு. மூன்றாவது பத்தியில் எனக்குத் தைரியம் குறைந்தது.

"ஓட்டுநரின் குரல் சற்று உரக்க ஒலிக்கிறது…"

"அக்கா, மலாய்ல காதக் கொடையுதுன்னு இருக்கு. மெதுவாக்காதீங்க. மூலத்துக்கு விரோதம்."

"…காதைக் குடைகிறது."

'டைகிறது, டைகிறது' என்றது பின்வரிசை. காக் ரோஸ் பொத்திய வாய்க்குள் சிரித்தார்.

இணைப்புக்கு வந்தேன். "ஏப்ரல் 16, பாதுகாப்பு, இருபத்தேழு நிமிடம். ஏப்ரல் 17, வரலாறு, முப்பத்தொன்று…"

மாலதி இருக்கையின்மேல் முட்டிபோட்டுத் திரும்பினாள். "அக்கா! நிமிஷக் கணக்கா எழுதுறது இந்த பஸ்ல ஒரே ஆளுதான்!"

"புகார் குடுத்தவங்க பேரு வெளியிடப்படாது" என்றார் நேரலை. "தங்கச்சி, ஒக்காரு."

"இதுக்கு என்னாண்ணே தண்டன?"

"மாசக் கடைசியோட நான் எறங்கணுமாம்."

பீடோங் வந்தது. ஏழு பேர் ஏறினார்கள்.

"இப்ப எதிர்த்தரப்புக்கு ரெண்டு நிமிஷம். எதிர்த்தரப்பு நான்தான். அக்கா, நேரம் பாத்துக்குங்க." பார்த்தேன். "புகார் நியாயம். லேட்டானது என் தப்பு. ஒரே ஒரு திருத்தம். மே எட்டு, வரலாறு முப்பது நிமிஷம்னு அதுல இருக்கு. மே எட்டு நான் லீவு. எங்க அம்மாவக் கண்ணு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். வேற ஆளு ஓட்டினாரு. அவ்ளோதான்." நாற்பது வினாடிதான் எடுத்துக்கொண்டார்.

"அப்ப இனிமே பேசாம ஓட்டுங்களேண்ணே. வேல நிக்கும்ல?" என்றாள் மாலதி.

"பேசாம ஓட்டுனா தூங்கிருவேன் தங்கச்சி. நீங்க தூங்கணுமா, நான் தூங்கணுமா?"

மற்ற முப்பத்தேழு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "பேசுங்கண்ணே! பேசுங்க!"

நான் மட்டும் நிமிரவில்லை. மே எட்டாம் தேதியில் சிக்கிக்கொண்டிருந்தேன். அப்படி இருக்கமுடியாது. நான் தப்பாக எழுதுகிறவள் அல்ல.

மாலை 4.10-க்கு வீடு திரும்பி, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாட்குறிப்பைப் புரட்டினேன். எனக்குப் புரிந்துவிட்டது. பட்டியலைக் கணினியில் தயாரித்தபோது, புதன்கிழமை என்றாலே வரலாறுதானே என்று எல்லாப் புதனுக்கும் ஒரே வரியை இழுத்து நிரப்பிவிட்டு, பிறகு நிமிடங்களைச் சரிசெய்திருக்கிறேன். அதில் ஒரு புதனைப் பார்க்காமலே விட்டிருக்கிறேன். சோதனைத் தாளை, பொருளைப் பார்க்காமல் முன்கூட்டியே நிரப்புவதுதான் எங்கள் பிரிவில் பெரிய குற்றம். அதற்காக எத்தனை பெண்களை அழவைத்திருக்கிறேன்!

நாட்குறிப்பில் அந்த நாளுக்கு எதிரே என் கையெழுத்தில் இருந்தது: 'மாற்று ஓட்டுநர். பஸ்ஸில் முழு அமைதி. தூங்க முயன்றேன். கூலிம் வரைக்கும் தூக்கம் வரவில்லை.'

அதை மூன்று முறை வாசித்தேன். 4.35-க்குக் குத்தகை நிறுவனத்தை அழைத்தேன்.

"புகார வாபஸ் வாங்குறீங்களாக்கா?" என்றாள் எழுத்தர்ப் பெண்.

"வாபஸ் இல்ல. திருத்தம். நாப்பத்தொண்ணுல ஒண்ணு தப்பு."

"ஒண்ணுதானே? மீதி நாப்பது சரியா இருக்கே."

"ஒரு வரிய பாக்காம நெரப்பியிருந்தா முழுத் தாளும் செல்லாதும்மா. அது எங்க விதி. அந்தப் பட்டியல வச்சு ஒரு ஆள நிறுத்தினீங்கன்னா, நானே வந்து அவர் பக்கம் சாட்சி சொல்ல வேண்டியிருக்கும். எழுத்துல தரேன். ரெண்டு நகல்."

"ஐயோ, இன்னொரு பட்டியலா? வேணாம்க்கா. பாஸ்கிட்ட சொல்லிடுறேன், அவரே ஓட்டட்டும்."

தாமதத்தை மட்டும் நான் மன்னிக்கவில்லை என்பதையும் பதிவு செய்யச் சொன்னேன். 7.04 அவர் தவறுதான்.

ஜூலை 16, செவ்வாய்க்கிழமை. நாலரைக்கு எழுந்தேன். இரண்டு பொட்டலத்துக்குப் பதில் மூன்று கட்டினேன். 5.25-க்கு ஏறியவுடன், மூன்றாவது வரிசைக்குப் போகாமல் முன்னால் நின்று, கம்பியோடு மைக்கைக் கழற்றி வாங்கினேன்.

"திருத்தம்," என்றேன். 'ருத்தம், ருத்தம்' என்றது பஸ். "மே எட்டாம் தேதி இந்த பஸ்ஸில் யாருமே பேசவில்லை. அன்றைக்கு எனக்குத் தூக்கமும் வரவில்லை. வருந்துகிறோம்."