வேளை தவறாத காபி

ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் கண்ணாடியைப் பார்த்து, "சபையோருக்கு என் சந்தோஷமான வணக்கம்" என்று சொல்லிப் பார்த்தார். இரண்டு இடத்தில் விசில் அடித்தது.

"அடுத்த வாரம் மகள் கல்யாணத்துல பேசணும் டாக்டர். இப்படிப் பேசினா வாசல்ல நிக்கிற பஸ் கிளம்பிடும்."

பல் டாக்டர் அவர் வாயிலிருந்து பல்செட்டின் மெழுகு மாதிரியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முன்பல் இரண்டும், பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் திரும்பியிருந்தன.

"மறுபடியும் கோணல்," என்றார், ஜன்னலோர மேஜையில் இருந்த பல்செட்காரரிடம். "உங்க கைக்கு என்னதான் ஆச்சு?"

பல்செட்காரர் கைகளைப் பின்னால் ஒளித்துக்கொண்டார். பல்செட் செய்வதில் அவரை அடிக்க ஆளில்லை என்று ஊரே சொன்ன கைகள்தான். இரண்டு மாதமாக மெழுகுக் கத்தியைப் பிடித்தால் தந்தி அடிக்கின்றன.

"நாள் பூரா எதிர்க்கடையில காபி. நடுங்காம என்ன செய்யும்? வெள்ளிக்கிழமைக்குள்ள இந்தப் பல் நேரா நிக்கலேன்னா, நான் வேற ஆளைத்தான் பார்க்கணும். அப்புறம் என்மேல வருத்தப்படாதீங்க."

டாக்டர் சொன்னதில் தப்பில்லை. தப்பு, எதிர்க்கடை திறந்த அன்றே ஆரம்பித்துவிட்டது. கடையைச் சொந்தமாக நடத்துகிற பெண் அன்று பல்செட்காரரிடம் கேட்டாள்:

"என்ன காபி சார்?"

"ஏதாவது நல்ல காபி."

"எந்த வேளைக்கு? காலைல பால் காபி. பதினோரு மணிக்குப் பால் இல்லாத கறுப்பு. சாப்பிட்டதும் சின்ன கப்புல எஸ்பிரஸ்ஸோ. சாயங்காலம் நுரை வெச்ச கப்புச்சினோ. வேளை மாத்திக் குடிச்சா காபி கோவிச்சுக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அன்றிலிருந்து நம்ம ஆள் ஒரு வேளை தவறவில்லை. நாற்பதை எட்டிப் பார்க்கும் வயது, வந்த வரன்களெல்லாம் தட்டிப்போன ஜாதகம். அவருக்கு ஒரு நாளைக்கு நாலு சந்தர்ப்பம் என்பது சும்மா இல்லை. 'ஞாயித்துக்கிழமை கொஞ்ச தூரம் நடந்துட்டு வரலாமா?' இதைக் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கல்லாவின் முன்னால் வாயைத் திறந்தால், "சர்க்கரை கொஞ்சம் கம்மியா" என்றுதான் வரும். குறைத்துக் குறைத்து, இப்போது குறைக்கச் சர்க்கரையே இல்லை.

அவருக்கு மட்டும் மேல்தட்டிலிருந்து பச்சை மூடி போட்ட டப்பாவை எடுத்துத்தான் காபி போடுவாள். 'ஒசத்தித் தூள் போலிருக்கு, அதான் கையை இந்த ஆட்டு ஆட்டுது' என்று நினைத்துக்கொள்வார். அதற்காக வேண்டாம் என்று சொல்ல மனசு வருமா?

இப்போது பிழைப்புக்கே வேட்டு. முதல் வைத்தியமாகப் பதினோரு மணிக் கறுப்புக் காபியை நிறுத்தினார். பதினொன்றரைக்கு, கடையில் பாத்திரம் கழுவும் அக்கா மூடி போட்ட கப்போடு டாக்டர் முன்னாலேயே வந்து நின்றாள்.

"ஆளைக் காணோமே, உடம்பு சரியில்லையான்னு கேட்டுட்டு, இதைக் குடுத்துட்டு வரச் சொன்னாங்க."

டாக்டர் முறைக்க முறைக்கக் குடித்தார். நன்றி சொல்லக் கடைக்குப் போனார். உடம்பு தேவலையா என்று கேட்டு அவள் இன்னொன்று நீட்டினாள். நாலைக் குறைக்கப் போய் ஐந்தானதுதான் மிச்சம்.

மறுநாள், சூடுதான் நரம்பைக் கிளப்புகிறது என்று தானாக ஒரு முடிவுக்கு வந்து ஐஸ் காபி கேட்டார். நடுங்குகிற கையில் ஐஸ் டம்ளர் கொடுத்தால் என்ன ஆகும்? கடை முழுக்க மணியோசை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அவள் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சார், ஏதாவது சொல்லணுமா?"

"சர்க்கரை..." என்றார் அவர்.

வியாழக்கிழமை ஒரு சொட்டுகூடத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டு மேஜையில் உட்கார்ந்தார். பதினோரு மணிக்கு ஜன்னல் வழியே பார்த்தால், அவள் ஒரு கப்பைக் கல்லாமேல் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, தெருவைப் பார்த்தாள். இங்கே கத்தி கைநழுவி மெழுகில் பாய்ந்து, சம்பந்திகளில் ஒருவர் கீழேயே விழுந்துவிட்டார்.

குடித்தால் குடித்த நடுக்கம், குடிக்காவிட்டால் குடிக்காத நடுக்கம். மனுஷன் எந்தப் பக்கம்தான் போவான்?

வெள்ளிக்கிழமை காலை, "வெயில் கண்ணுல அடிக்குது" என்று டாக்டர் ஜன்னல் திரையை இழுத்து மூடினார். பல்செட்காரர் விளக்கைப் போட்டுக்கொண்டு கடைசி முறையாகக் கத்தியைச் சூடு காட்டினார். ஒரு மணி நேரத்தில் பற்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நின்றன. எப்படி நின்றன என்று அவருக்கே விளங்கவில்லை.

தலைமை ஆசிரியர் வாயில் போட்டுக்கொண்டு, "சபையோருக்கு என் சந்தோஷமான வணக்கம்" என்றார். சத்தம் சுத்தமாக இருந்தது.

"பிரமாதம். சுருக்கமா பேசலாம்னு இருந்தேன். இனிமே முழுசா பேசிட வேண்டியதுதான்," என்றார். கல்யாண வீட்டுக்காரர்கள் பாவம்.

டாக்டருக்கும் சந்தோஷம். "பாருங்க, காபியை விட்டீங்க, கை நின்னுடுச்சு. இனிமே அந்தக் கடைப் பக்கமே போகாதீங்க."

கடைசியாக ஒரு தடவை போகத்தானே வேண்டும்? சொல்லாமல் நிறுத்திக்கொள்வது மரியாதையில்லை. சாயங்காலம் போனார். அவள் முகம் மலர்ந்து கப்புச்சினோவுக்குப் பாலை எடுத்தாள்.

"வேண்டாம் மேடம்," என்றார். கை மறுபடி ஆட ஆரம்பித்திருந்தது. "இனிமே எனக்குக் காபி... எந்த வேளைக்கும் வேண்டாம். கை நடுங்குது. வேலையே போகப் பார்த்துச்சு."

பால் பாத்திரம் மெல்லக் கீழே இறங்கியது. "சரி சார். வேலைதானே முக்கியம்," என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

பல்செட்காரர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வேலை தப்பித்தது. ஆனால் நாலு வேளையும் போய்விட்டது, ஞாயிற்றுக்கிழமையும் போய்விட்டது.

பாத்திரம் கழுவும் அக்கா மேஜை துடைக்க வந்தாள்.

"காபியை விட்டுட்டீங்களாமே?"

"என்னக்கா செய்றது? காபியில இருக்கிற கஃபீன் நம்ம உடம்புக்கு ஒத்துக்கல."

அக்கா துணியைத் தோளில் போட்டாள். மேல்தட்டிலிருந்து பச்சை மூடி டப்பாவை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"உங்க கை ஆடுறதைப் பார்த்துட்டு, அந்தக் கஃபீனை எடுத்துட்ட தூளா உங்க ஒருத்தருக்காக மட்டும் முதல் வாரமே வரவழைச்சுட்டாங்க. அன்னிலேர்ந்து நீங்க குடிக்கிறது இதைத்தான். அப்புறம் எதுக்கு சார் கை நடுங்குது?"