எலியின் மத்தியானத் தூக்கம்

சும்மா முட்டாளாக இருக்கப் படிப்பு தேவையில்லை. ஆதாரத்தோடு முட்டாளாக இருக்கத்தான் ஆராய்ச்சி வரை போக வேண்டும். நான் போனேன்.

எழுபதுகளின் நடுவில், பாலக்காட்டுக்குக் கிழக்கே ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். வெள்ளெலிக்கு மயக்க மருந்து கொடுத்து, மண்டையில் துளையிட்டு, முடியைவிட மெல்லிய கம்பியை மூளைக்குள் இறக்க வேண்டும். மூளையின் மின்துடிப்பு திரையில் பச்சைக் கோடாகத் துள்ளும், ஒலிபெருக்கியில் 'டக் டக்' என்று கேட்கும். (ஊரில் கேட்டவர்களிடம் 'எலிக்கு வைத்தியம்' என்று சொல்லிவைத்திருந்தேன்.)

என் எலிகளின் மூளை மட்டும் கடிகாரம் மாதிரி துடித்தது. அதைவிட அதிசயம், மத்தியானம் மூன்று மணிக்கு எல்லா எலிக்கும் துடிப்பு நின்றுவிடும். எலிகளுக்கும் மத்தியானத் தூக்கம் உண்டு என்று கண்டுபிடித்தேவிட்டேன்! பேராசிரியருக்குப் புல்லரித்தது. "இது நம்ம ரெண்டு பேரோட கண்டுபிடிப்பாக்கும்" என்றார்.

நான் ஆராய்ச்சியைத் தொடரலாமா, மூட்டை கட்டலாமா என்று முடிவு செய்ய மதராஸிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். எலி அசைந்து மானத்தை வாங்கிவிடக் கூடாதே என்று காலையிலேயே மருந்தைத் தாராளமாகக் கொடுத்து, குளிராமல் பஞ்சால் போர்த்தியிருந்தேன். துடிப்பு அருமையாக வந்தது. நான் விளக்கிக்கொண்டே போனேன். நிபுணர் பஞ்சை விலக்கித் தொட்டுப் பார்த்தார்.

"தம்பி, இது விறைச்சுப் போயிருக்கே."

'டக் டக்' என்றது ஒலிபெருக்கி.

மணி மூன்றானது. சன்னலுக்கு வெளியே மாந்தோப்பில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் மோட்டார் நின்றது. துடிப்பும் நின்றது.

கல்லூரிக்கு வேறு லைன், தோட்டத்து லைனில் மட்டும் மூன்று மணிக்குக் கரண்ட் நிறுத்துவார்கள் என்பது எங்கள் ஊர் முதலமடையில் கைக்குழந்தைக்கும் தெரியும். நான் தோட்டக்காரர் மகன், கரண்ட் போனதும் மோட்டார் சுவிச்சை அமத்த ஓடியே வளர்ந்தவன். இத்தனை நாளும் நான் பதிவு செய்தது எலியின் மூளையை அல்ல, என் கம்பி பிடித்துத் தந்த அந்த மோட்டாரின் மின் இரைச்சலை.

"இப்போ தூங்கிடுச்சா?" என்று கேட்டார் நிபுணர்.

பேராசிரியரைப் பார்த்தேன். "நான் அப்பவே சொன்னேன் சார், இவன் கேட்டாத்தானே!" என்றார் அவர். அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தப் பொய்யை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. நான் மாந்தோப்புக்குத் திரும்பினேன். அவர் துறைத் தலைவரானார்.

எங்கள் வீட்டில் இன்றும் யாரும் 'கரண்ட் போச்சு' என்று சொல்வதில்லை. "ஏனுங்க, எலி தூங்கிருச்சு! போயி சுவிச்சை அமத்திப்போட்டு வாங்க" என்று மனைவி குரல் கொடுப்பாள். பேரப்பிள்ளைகள் வரை விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் சிரித்துவைத்துவிட்டு, சுவிச்சை அமத்தப் போகிறேன்.